போன் சர்வரை ஒரே கோர்ல கட்டலாமா?

போன் சர்வர்ல குரல் வெட்டி வெட்டி வருதா? "ப்ராசஸை ஒரு கோர்ல பின் பண்ணு"ன்னு யாராவது சொல்வாங்க. பண்றதுக்கு முன்னாடி எங்க கதையைக் கேளுங்க.

எங்க லேப்ல நாலு கோர் உள்ள பழைய பிசியில ஆஸ்டெரிஸ்க் ஓடுது. ராத்திரி யாருக்காவது காய்ச்சல்னா ஹாஸ்டல்ல இருந்து வார்டனைக் கூப்பிடற இன்டர்காம் அதுதான். பேக்கப் ஆரம்பிச்சா பேச்சு உடையும்.

ஜி.711 கோடெக்கில் பொதுவா 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், அதாவது ஒரு திசைக்கு நொடிக்கு 50. பேக்கப்பின் கம்ப்ரஷன் நாலு கோரையும் பிடிச்சுக்கிட்டா பாக்கெட் லேட்டாகும். ரொம்ப லேட்டானதை போன் தூக்கிப் போட்டுடும்.

முதல்ல 'டாஸ்க்செட்' கமாண்டால் ஓடிட்டிருந்த ஆஸ்டெரிஸ்க்கை 3-ஆம் கோரில் கட்டினோம். மாற்றமே இல்லை. 'மைனஸ் பி' மட்டும் கொடுத்தா ஒரு த்ரெட்தான் மாறும்; எல்லா த்ரெட்டுக்கும் 'மைனஸ் ஏ' சேர்க்கணும். சேர்த்தோம், இன்னும் மோசமாச்சு!

ஏன்? நம்ம கம்பம் பள்ளத்தாக்கை நினைச்சுப் பாருங்க. 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு முல்லைப் பெரியாறு தண்ணி வாய்க்கால் வழியாத்தான் பாயுது. உங்க வயலுக்கு ஒரே வாய்க்கால்தான்னா, மேல்மடைக்காரர் திறந்ததும் உங்க பங்கு குறையும். பக்கத்து வாய்க்கால்ல தண்ணி ஓடினாலும் எடுக்க முடியாது. பின்னிங்கும் அப்படித்தான். ப்ராசஸ்தான் கோருக்குக் கட்டுப்படுது; அந்தக் கோர்ல மத்த ப்ராசஸ் வர்றதை அது தடுக்காது.

கடைசியில ஆஸ்டெரிஸ்க்கை அவிழ்த்துவிட்டு, பேக்கப்பை 0-ஆம் கோரில் கட்டினோம். பேக்கப் முடிய இப்போ கூடுதல் நேரம் ஆகுது. பேச்சு உடையறதில்லை.