உங்களுக்குத் தெரியுமா? தவிலோசைக்குள் ஒளியும் நெடுந்தீவு

நெடுந்தீவில் இன்றும் நிற்கும் பழைய புறாக்கூடு, ஒல்லாந்தர் காலத்தில் செய்தி காவும் புறாக்களுக்காகக் கட்டப்பட்டதெனச் சொல்லப்படுகிறது. புறாவின் காலில் கட்டிய கடிதம் கண்ணுக்குத் தெரியும். இசைக்கோப்பில் பொதித்த செய்தியோ இருப்பதே தெரியாது. இவ்வாறு செய்தியின் இருப்பையே மறைக்கும் கலை ஸ்டெகனோகிராஃபி எனப்படும்.

இறுவட்டுத் தரத்தில் பதிவாகும் இசை, செக்கனுக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றைக் குறிக்கும் 16 பிட்டுகளாக, அதாவது 0 அல்லது 1 என்னும் இலக்கங்களாக, எழுதப்படுகிறது. அவற்றுள் கடைசிப் பிட்டை மாற்றினால் ஒலி ஒரேயொரு படிதான் நகரும் என்பதால், நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவின் தவிலோசையில் அந்த அசைவைக் காது அறியாது. ‘நெடுந்தீவு’ என்னும் சொல், ஒற்றைக் கொம்பும் குற்றும் கூடத் தனித்தனியே எண்ணப்படும் யூ.டி.எஃப்-8 குறிமுறையில் 10 குறிகளாகவும், குறிக்கு 24 வீதம் 240 பிட்டுகளாகவும் அமைவதால், அளவுக்கு ஒரு பிட்டாகப் பொதித்தால், ஒற்றைத் தடத்தில் ஏறத்தாழ ஒரு செக்கனின் 184இல் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது. உண்மையில் வியக்கத்தக்க சிக்கனம் இது.

ஆயினும் அக்கோப்பை எம்பி3 ஆகச் சுருக்கும்போது, காதுக்கு எட்டாத நுண்விவரங்களோடு கடைசிப் பிட்டின் செய்தியும் சிதைந்துபோகும். இதற்கு மாறாக, சுருக்கும் வேளையிலேயே செய்தியைப் பொதிக்கும் எம்பி3ஸ்டெகோ என்னும் மென்பொருளை 1998இல் ஃபேபியன் பெத்திகோலா கேம்பிரிட்ஜில் உருவாக்கினார்.