கப்பலில் வயிற்று நோய்: மறைத்தால்தான் பரவும்

சொகுசுக் கப்பலில் போகிறவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருமா என்று கேட்டால், வராமலிருக்கவே வாய்ப்பு மிக அதிகம் என்பதுதான் நேர்மையான பதில். அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி., 2008 முதல் 2014 வரை தன் கண்காணிப்பில் இருந்த கப்பல்களின் கணக்கைத் தொகுத்தது. சுமார் 7.4 கோடிப் பயணிகளில் 1,29,678 பேர் வயிற்று நோயாளிகளாகப் பதிவாகியிருந்தார்கள். நூற்றுக்கு 0.18. மூவாயிரம் பேர் போகும் கப்பலில் ஐந்தாறு பேர். ஆனால் 2014 ஜனவரியில் நியூஜெர்சியிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் புறப்பட்ட 'எக்ஸ்ப்ளோரர் ஆஃப் தி சீஸ்' கப்பலில் மூவாயிரத்துச் சொச்சம் பயணிகளில் அறுநூறு பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். பத்து நாள் பயணத்தை இரண்டு நாள் முன்னதாகவே முடித்துக்கொண்டு கப்பல் திரும்பியது. நோரோவைரஸ் என்று பிறகு உறுதியானது. ஐந்தாறு பேரோடு அடங்க வேண்டியது எப்படி அறுநூறாகிறது? கிருமியின் வீரியம் பாதிக் காரணம். நோய் கண்டவர்கள் வாய் திறக்காமல் இருப்பதும், வாய் திறந்தால் நஷ்டம் என்ற நிலையில் அவர்களை வைத்திருப்பதும் மீதிக் காரணம் என்பது என் கருத்து. முதலாவதை யாராலும் மாற்ற முடியாது. இரண்டாவதை மாற்ற முடியும். அதற்கான உரிமைகளைப் பயணிகள் கேட்டுப் பெறவேண்டும்.

கப்பல்களில் ஏற்படும் வயிற்று நோய்ப் பரவல்களில், காரணம் கண்டறியப்பட்டவற்றில் பெரும்பாலானவை நோரோவைரஸால் வருபவை. 1968-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து நார்வாக் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரவிய நோயிலிருந்து அடையாளம் காணப்பட்ட கிருமி இது. இருபதுக்கும் குறைவான வைரஸ் துகள்களே ஒருவரைப் படுக்க வைக்கப் போதும் என்று ஆய்வுகள் கணித்திருக்கின்றன. நோயாளி வெளியேற்றும் மலத்தில் அது கோடிக்கணக்கில் இருக்கும். உடம்புக்குள் போன 12 முதல் 48 மணி நேரத்தில் திடீரென்று குமட்டலும் வாந்தியும் தொடங்கும். ஒன்று முதல் மூன்று நாளில் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். ஆனால் சரியான பிறகும் இரண்டு வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும், மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். இதற்குத் தடுப்பூசி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் மாத்திரையாலும் பயனில்லை. கொரோனா காலத்தில் நமக்குப் பழகிப்போன ஆல்கஹால் சானிடைசரும் இதனிடம் சரியாக வேலை செய்யாது என்பதைப் பலர் அறிவதில்லை. சாப்பாட்டுக்கூட வாசலில் இரண்டு சொட்டு தேய்த்துக்கொண்டு உள்ளே போவது பாதுகாப்பு ஆகாது. சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 விநாடி கழுவ வேண்டும். தரையையும் கைப்பிடிகளையும் சுத்தம் செய்ய, போதிய வீரியமுள்ள குளோரின் கலவையோ இந்த வைரஸைக் கொல்லும் என்று அங்கீகரிக்கப்பட்ட வேறு கிருமிநாசினியோ வேண்டும்.

இப்படிப்பட்ட கிருமியை அடக்க முக்கியமான வழி, முதல் சில நோயாளிகளை உடனே அறிந்து தனிமைப்படுத்துவது. சி.டி.சி. நடத்தும் கப்பல் சுகாதாரத் திட்டம் பெருமளவு இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. 1970-களில் தொடங்கிய அந்தத் திட்டத்தின்படி, 13 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும் கப்பல், நோயாளிகள் எத்தனை பேர் என்பதைக் கரைக்கு வருமுன் தெரிவிக்க வேண்டும். பயணிகளிலோ ஊழியர்களிலோ நூற்றுக்கு இரண்டு பேர் நோயுற்றால் தனி எச்சரிக்கை அனுப்ப வேண்டும். நூற்றுக்கு மூன்றைத் தொட்டால் கப்பலின் பெயரோடு பொதுவில் வெளியிடுவார்கள். அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி வந்து சமையலறை, குடிநீர், நீச்சல்குளம், மருத்துவ அறை எல்லாவற்றையும் பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 85-ம் அதற்குக் கீழும் தோல்வி. எந்தக் கப்பல் எத்தனை வாங்கியது என்பதைச் சீட்டு வாங்குமுன் யாரும் பார்த்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்பதெல்லாம் மருத்துவ அறைக்கு வந்து சொன்னவர்களின் கணக்கு. கேபினுக்குள் படுத்துக்கொண்டு, கொண்டுவந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சற்றுத் தெம்பு வந்ததும் பஃபேயில் எல்லோரும் தொடும் கரண்டியைப் பிடிப்பவர் அந்தக் கணக்கில் இல்லை.

அவர் ஏன் சொல்வதில்லை? அவருடைய பொறுப்பின்மை என்று முடித்துவிடுவது எளிது. அவர் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். ஏறுமுன்பே பல கப்பல்களில் ஒரு படிவம் தருகிறார்கள்: கடந்த சில நாட்களில் வாந்தி, பேதி இருந்ததா? ஆம் என்று எழுதினால் மருத்துவப் பரிசோதனை. ஏற்றாமல் விடவும் கூடும். பல மாதம் சேமித்துக் கட்டிய பணம், விமான டிக்கெட், விசா எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்குகின்றன. ஏறிய பிறகு சொன்னாலோ, அறிகுறி நின்று குறைந்தது 24 மணி நேரம் வரை கேபினை விட்டு வெளியே வரக்கூடாது என்பார்கள். முன்பணம் கட்டிய கரைச்சுற்றுலா போகும். கப்பல் மருத்துவர் கட்டணம் தனி பில்லாக வரும். வயிற்று நோய்க்கு மட்டும் அதைத் தள்ளுபடி செய்யும் வழக்கம் சில நிறுவனங்களில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. உண்மை பேசுகிறவர் இத்தனையும் இழக்க, மறைக்கிறவர் எதையும் இழக்காத ஏற்பாட்டில் எத்தனை பேர் உண்மை பேசுவார்கள்?

இந்த இடத்தில்தான் உரிமை பேச வேண்டியிருக்கிறது. 2013-ல் சர்வதேசக் கப்பல் நிறுவனங்களின் சங்கம் பயணிகளுக்கான உரிமைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுப் பணம், அதே காரணத்தால் பாதியில் முடிந்தால் ஒரு பகுதிப் பணம், ஆழ்கடலில் செல்லும் கப்பலில் அவசர மருத்துவ உதவி என்பவை அதில் இருக்கின்றன. தொற்று நோய் கண்டு அறையில் அடைபட்டவருக்கு என்ன என்று அதில் இல்லை. எக்ஸ்ப்ளோரர் கப்பலின் நிறுவனம் எல்லாப் பயணிகளுக்கும் பாதிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த பயணத்துக்குப் பாதிச் சலுகையும் கொடுத்தது. அறையில் அடைபட்டிருந்தவர்களுக்கு அப்படி இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் பயணச் சலுகை கூடுதலாகத் தரப்பட்டது. செய்தி உலகெங்கும் பரவிய பிறகு நிறுவனம் தானாக அறிவித்த சலுகை அது. அதையே சீட்டு வாங்கும் நாளிலேயே எழுதித் தரும் உறுதியாக மாற்ற வேண்டும்: நோயை உடனே சொன்னவருக்கு மருத்துவக் கட்டணம் இல்லை, அடைபட்ட நாளுக்கு ஈடு உண்டு, ஏறுமுன் சொன்னவருக்குப் பிறிதொரு தேதியில் பயணம் உண்டு.

கிருமியைக் கொண்டுவருவது பயணிதான், நிறுவனம் எதற்குப் பணம் தரவேண்டும் என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நோய் வந்தது என்பதாலேயே நிறுவனம் குற்றவாளி ஆகாது. நீதிமன்றங்களும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் வந்த நோயை எப்படிக் கையாண்டது என்பதற்கு நிறுவனம்தான் பொறுப்பு. 'பூடிக்கா' என்ற கப்பலில் நோயுற்றவர்கள் ஃப்ரெட் ஓல்சன் நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில் 2016-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் பயணிகள் பக்கம் நின்றது. நோரோவைரஸ் வந்தால் என்ன செய்வது என்பதற்கு நிறுவனத்திடம் எழுத்தில் திட்டம் இருந்தது. அதைச் சரிவரச் செயல்படுத்தவில்லை என்பதுதான் தோல்விக்குக் காரணம். எனவே பாதிக்கப்பட்டவர் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவானவை. முந்தைய பயணத்திலேயே நோய் இருந்ததா, இருந்தால் நமக்குச் சொன்னார்களா? பஃபேயில் தானே எடுத்துக்கொள்வதை எப்போது நிறுத்தினார்கள்? பொது இடத்தில் ஒருவர் வாந்தி எடுத்தபோது எவ்வளவு நேரத்தில், எதைக் கொண்டு சுத்தம் செய்தார்கள்?

நஷ்டஈடு என்று ஆரம்பித்தால் போலி வழக்குகள் பெருகும் என்பது இன்னொரு வாதம். இதுவும் கற்பனை அல்ல. 2017 வாக்கில், விடுமுறையில் வயிறு கெட்டது என்று பொய் வழக்குப் போட்டவர்கள் பிரிட்டனில் சிறைக்கே போனார்கள். ஆனால் அவை பெரும்பாலும் ஊர் திரும்பிப் பல நாள் கழித்து, எந்தப் பதிவும் இல்லாமல் கிளம்பிய புகார்கள். நான் கேட்கும் ஈடு, நோய் கண்ட அன்றே மருத்துவ அறையில் பதிவானவருக்கு மட்டும். அந்தப் பதிவு பொய் சொல்பவரைத் தடுக்கும். உண்மை சொல்பவருக்குச் சான்றாகவும் இருக்கும்.

ஊழியர்களையும் மறக்கக்கூடாது. இந்தக் கப்பல்களில் சமைப்பவர், பரிமாறுபவர், அறை துடைப்பவர்களில் இந்தியர்கள் ஏராளம். உணவைக் கையாளும் ஊழியர் நோயுற்றால், அறிகுறி நின்ற பிறகும் 48 மணி நேரம் தனித்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. நோயுற்றுக் கப்பலில் இருக்கும் நாளுக்கும் சம்பளம் உண்டு என்று 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதோ என்ற பயம் அவர் வாயைக் கட்டினால், ஒரு சமையல்காரரின் மௌனம் ஆயிரம் தட்டுகளுக்குப் போய்ச்சேரும்.

அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பலில் போகிறவர்கள் சீட்டின் பின்பக்க நிபந்தனைகளைப் படித்தே ஆகவேண்டும். உடல் பாதிப்புக்கு 6 மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்பு, ஓராண்டுக்குள் வழக்கு என்று காலத்தைச் சுருக்கிக்கொள்ள அந்த நாட்டுச் சட்டம் நிறுவனங்களை அனுமதிக்கிறது. எந்த ஊர் நீதிமன்றம் என்பதையும் சீட்டிலேயே எழுதிவைக்கலாம் என்று 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஷூட் என்ற பயணி போட்ட வழக்கில் சொல்லிவிட்டது. சட்டம் இப்படியிருக்க, கண்காணிப்பையும் முழுதாக நம்பியிருக்க முடியாது. 2025 ஏப்ரலில் கப்பல் சுகாதாரத் திட்டத்தின் முழுநேர ஊழியர்களையே பணிநீக்கம் செய்ததாக வந்த செய்தி, கப்பல் நிறுவனங்கள் கட்டும் கட்டணத்தில் நடக்கும் ஒரு கண்காணிப்புகூட நிலையானதல்ல என்று காட்டியது.

சென்னையிலிருந்தும் 2022 முதல் சொகுசுக் கப்பல் புறப்படுகிறது. இலங்கைத் துறைமுகங்களுக்கும் போயிருக்கிறது. அமெரிக்காவைத் தொடாத பயணங்கள் சி.டி.சி. பட்டியலில் வராது. எந்தக் கப்பலில் எத்தனை பேர் நோயுற்றார்கள் என்பதைப் பெயரோடு வெளியிடும் அத்தகைய ஏற்பாட்டை நம் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பயணங்களுக்கும் கேட்பது நம் உரிமை. சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் ஒருதலைப்பட்சமான ஒப்பந்த நிபந்தனைகளை எதிர்க்கவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். கையில் இருக்க வேண்டியவை: சீட்டு, கப்பல் மருத்துவரின் குறிப்பு, பில்கள், அறையில் இருக்கச் சொன்ன கடிதம், தேதி தெரியும் புகைப்படங்கள், ஊர் திரும்பியதும் செய்த மலப்பரிசோதனை முடிவு. பயண இன்சூரன்ஸ் எடுக்கும்போது, நோயால் பயணம் ரத்தானாலும் அறையில் அடைபட்டாலும் பணம் வருமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இருக்கட்டும். முதியவரோ குழந்தையோ சிறுநீர் கழிப்பது குறைந்து, வாய் உலர்ந்து, தலை சுற்றத் தொடங்கினால் நீரிழப்பு முற்றுகிறது என்று பொருள். அப்போது பில்லைப் பற்றி யோசிக்காமல் மருத்துவ அறைக்குத் தொலைபேசியில் சொல்லி ஆளை வரவழைக்க வேண்டும்.