அரங்கு வீட்டிற்குள் சூரிய ஒளி

தாமிரபரணிப் பாசனத்தில் கார் நெல் அறுவடையாகி வீடு வந்து சேரும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களை ஒட்டியே வடகிழக்குப் பருவமழையும் தொடங்குகிறது. சுவர்க் கசிவு, பூஞ்சணம், அந்துப்பூச்சி, எலித் தொல்லை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும் காலமும் அதுவே. நெல்லையும் விதையையும் அடிக்கடி பார்வையிட வேண்டிய இந்நாட்களில், அவை இருக்கும் அரங்கு வீடோ பட்டப்பகலிலும் இருட்டாகவே இருக்கிறது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி போன்ற ஊர்களின் பழைய தெருக்களில் வீடுகள் பக்கச் சுவரோடு சுவர் ஒட்டி, நீளவாக்கில் அமைந்துள்ளன. நடுவிலுள்ள அறைக்குச் சன்னல் வைக்க இடமே இல்லை. மின்சாரம் நின்ற வேளையில் சாக்கு மூட்டைகளுக்கிடையே சிம்னி விளக்குடன் நுழைவதன் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடி இழைகளின் வழியே வெயிலையே அறைக்குள் கொண்டுவரலாம் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மைதான். ஆனால் நம் அரங்கு வீட்டிற்கு அது ஏற்றதா என்பதை அது வேலை செய்யும் விதத்தை அறிந்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

ஆற்றில் முங்கிக் குளிக்கும்போது நீருக்கடியிலிருந்து மேலே பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். தலைக்கு மேலே ஒரு வட்டத்திற்குள் மட்டுமே வானம் தெரியும். அதற்கு அப்பால் நீரின் மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்து அடித்தரையையே திருப்பிக் காட்டும். நீருக்குள்ளிருந்து மிகவும் சாய்வாக வரும் ஒளி வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்பி விடுவதுதான் காரணம். இதனை முழு அகப் பிரதிபலிப்பு என்பர். ஜெனீவா நகரில் டேனியல் கொலாடன் என்பவர் 1841ஆம் ஆண்டில் நீர்த்தாரை ஒன்றினுள் ஒளியைச் செலுத்தி, நீர் வளைந்து விழுந்த வழியே ஒளியும் வளைந்து செல்வதைக் காட்டினார். பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவங்களையே அனுப்பிக் காட்டி 1954இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஜப்பானியப் பேராசிரியர் கெய் மோரி, சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் வில்லைகளால் வெயிலைக் குவித்து, இழைகள் மூலம் கட்டடத்தின் உட்பகுதிக்கு அனுப்பும் கருவியை உருவாக்கினார். அதற்கு 'ஹிமாவாரி' என்று பெயர். சூரியகாந்தி என்று பொருள்.

இழையின் சிறப்பை வாய்க்காலோடு ஒப்பிடலாம். உட்புறம் பளபளக்கும் சாதாரணத் தகரக் குழாயில் ஒளி ஒவ்வொரு முறை மோதித் திரும்பும்போதும் சிறிது கசிந்து குறைகிறது. ஒரு மோதலுக்கு நூற்றுக்கு 85 பங்கு திரும்பினால், பத்து மோதலுக்குப் பின் 20 பங்குதான் மிஞ்சும். 98 பங்கைத் திருப்பும் உயர்தரத் தகடானால் 80 பங்கிற்கு மேல் மிஞ்சும். இழையிலோ மோதலால் இழப்பு இல்லை. இழைப் பொருளே உறிஞ்சுவதுதான் இழப்பு. பிளாஸ்டிக் இழையில் 10 மீட்டர் தூரத்திற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதாவது, மண் வாய்க்காலுக்கும் சிமெண்டு பூசிய வாய்க்காலுக்கும் உள்ள வேறுபாடு.

ஆனால் எவ்வளவு நல்ல வாய்க்காலாயினும் தலைமடையில் நீர் இருந்தால்தானே பாயும்? இழை நூல் போல் மெல்லியது. அதனுள் போதிய ஒளி புகவேண்டுமானால் வில்லையால் குவித்தாக வேண்டும். நேர் வெயிலைத்தான் குவிக்க முடியும். மேகத்தின் வழியே எல்லாத் திசைகளிலிருந்தும் பரவி வரும் வெளிச்சத்தைக் குவிக்க முடியாது. நாம் நெல்லைப் பார்வையிட வேண்டிய ஐப்பசி, கார்த்திகை மாத மழை நாட்களில் இக்கருவி அநேகமாகச் சும்மா இருக்கும். பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் ஆனி, ஆடி மாதச் சாரல் நாட்களிலும் இதே நிலைதான். கருவியின் விலையோ மிக அதிகம். மின்சாரம் தவறாமல் கிடைக்கும் வீட்டில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று இதைவிடப் பன்மடங்கு மலிவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆகவே, கூரைக்கு நேர் கீழே உள்ள அறைக்கு எளிய வழியே சிறந்தது. சீமை ஓட்டு வீட்டில் அதே அச்சில் வார்த்த கண்ணாடி ஓடு ஒன்றோ இரண்டோ போதும். ஒரு சதுர அடி நேர் வெயிலில் உள்ள ஒளி, பழைய 60 வாட் குண்டு பல்புகள் பத்துக்கும் மேற்பட்டவற்றின் ஒளிக்குச் சமம். மேகமூட்டத்தில் இதில் பத்தில் ஒரு பங்கே கிடைத்தாலும் நெல்லின் நிறமாற்றத்தையும், சுவரில் பரவும் ஈரத்தையும், எலிப் புழுக்கையையும் கண்டுகொள்ளலாம். நிறம் உள்ளபடி தெரிவதில் பகலொளிக்கு ஈடில்லை. பத்தமடையில் வீட்டிற்குள் அமர்ந்து மெல்லிய கோரைப்பாய் நெய்பவர்களுக்கு இது நன்கு தெரியும்.

கண்ணாடி ஓட்டைக் கூரையின் வடக்குச் சரிவில் பதிப்பது நல்லது. நம் பகுதியில் சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி நடுவிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே வருகிறது; இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்கிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் சூரியன் தெற்கே சாய்வதால் வடக்குச் சரிவில் சூடு குறைவு. ஓடு குலுக்கைக்கு நேர் மேலே அமையக்கூடாது. நெற்குவியலின் ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் அங்குள்ள ஈரம் நகர்ந்து குளிர்ந்த பக்கத்தில் சேரும். அங்கே பூஞ்சணம் பிடிக்கும். நடைபாதைக்கு மேலாக அமைத்து, ஒரு பலகை மூடியைக் கயிற்றில் கட்டி, வேண்டும்போது மட்டும் திறந்துகொள்ளலாம்.

கான்கிரீட் கூரையாயின் 10 அங்குல விட்டமுள்ள குழாயை உயர்தரப் பிரதிபலிப்புத் தகட்டால் அமைத்து, மேலே ஒளிபுகும் கவிகை மூடியும் கீழே பால்நிறத் தட்டும் பொருத்தலாம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் கொல்கத்தாவில் உருவான 'சூர்ய ஜோதி' கவிகை இவ்வகையைச் சேர்ந்ததே. கம்பிகளை வெட்டாமல் துளையிட வேண்டும். துளையைச் சுற்றி நான்கு அங்குலமாவது வரம்பு போல உயர்த்திக் கட்டாவிட்டால் மழைநீர் நேரே நெல்லில்தான் இறங்கும். தகரக் கொட்டகைக்கு பிரேசில் நாட்டு மெக்கானிக் ஆல்பிரடோ மோசர் 2002இல் கண்ட முறை இருக்கிறது. இரண்டு லிட்டர் தெளிந்த பிளாஸ்டிக் புட்டியில் நீர் நிரப்பி, பாசி பிடிக்காதிருக்க இரு மூடி வெளுப்புக் கரைசல் சேர்த்து, கூரைத் துளையில் பாதி மேலும் பாதி கீழுமாகப் பொருத்துவதே அது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் மட்டும் இதற்காகத் துளையிடாதீர்கள். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

இழை முறைக்கு வேளாண்மையில் இடமே இல்லை என்று பொருளல்ல. சிப்பிக் காளான் வளர்ப்பில் வித்து பரவும் வரை இருட்டு போதும்; மொட்டு விடும் அறைக்கு வெளிச்சம் வேண்டும். அது குறைந்தால் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும். சன்னலைத் திறந்தால் வெளிச்சத்தோடு நம் ஊர் வெப்பமும் நுழைகிறது. இழையில் ஒளி புகுமுன்பே வெப்பக் கதிர்களை வடிகட்டிவிட முடியும் என்பதால், உள்ளே வருவது பெரும்பாலும் குளிர்ந்த ஒளி. விலை இறங்குமானால் முதலில் பயன்படுத்திப் பார்க்க வேண்டிய இடம் காளான் குடில்தான். அப்போதும் ஓர் எச்சரிக்கை: வெயிலைக் குவிக்கும் வில்லையை மூடாமல் வைக்கோல் படப்பின் அருகே வைக்கக்கூடாது.