கிருமிக்கும் ஒரு விளைநிலம்



தேவிகுளம், பீர்மேடு தேயிலை மலைகளிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்து ஊர்களிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ் மக்கள், விடாக் காய்ச்சலோடு மருத்துவமனைக்குச் சென்றால், இரத்தத்தைக் ‘கல்ச்ச’ருக்குக் கொடுக்கும்படி கூறக் கேட்டிருப்பார்கள். அஃது என்ன? முடிவு தெரியச் சில நாள்கள் ஆவது ஏன்?

மண்ணறிந்து விதைப்பவன் உழவன். நோய்க்கிருமியை அறிய விரும்பும் ஆய்வாளரும் அதற்கேற்ற நிலத்தை முதலில் பக்குவப்படுத்துகிறார். அதுவே வளர்தளம். ஜெர்மனியில் ராபர்ட் காக் தொடக்கத்தில் ஜெலட்டினைக் கையாண்டார். அது உடற்சூட்டில் இளகியது. சில கிருமிகள் அதனையே கரைத்துவிட்டன. அவருடைய கூடத்தில் பணியாற்றியவரின் மனைவியாரான ஃபானி ஹெஸ்ஸே, தம் அடுக்களையில் பயன்பட்ட அகாரை 1881-இல் எடுத்துரைத்தார். கொதிநீரில் கரைந்து, ஆறியதும் உறையும் அப்பொருள் உடற்சூட்டில் இளகுவதில்லை. நோன்புக் காலத்தில் நம் இல்லங்களில் இனிப்பாகச் செய்யப்படும் கடல்பாசியே அது!

வளர்தளம் கிருமியை வளர்ப்பதோடு, அடையாளமும் காட்டுகிறது. மக்கான்கி என்பார் வகுத்த தளத்தில் பித்த உப்பு, பாற்சர்க்கரை, நிறமி ஆகியவை உள. பித்த உப்பு வேண்டாத கிருமிகள் பலவற்றைத் தடுக்கிறது. பாற்சர்க்கரையைப் புளிக்கச் செய்யும் குடற்கிருமிகள் இளஞ்சிவப்பாகத் திரள்கின்றன; டைபாயிடுக் கிருமி நிறமின்றி நிற்கிறது. மேலும் சில சோதனைகளால் அதனை உறுதி செய்தபின், மருந்து தோய்த்த காகித வில்லைகளை வேறொரு தளத்தில் வைக்கின்றனர். வில்லையைச் சுற்றிப் போதிய அகலத்திற்குக் கிருமி வளரவில்லையெனில், அம்மருந்து பலிக்கும் என்று கொள்ளலாம்.

இங்கே நாம் கருதவேண்டியவை இரண்டு. கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்கியபின் இரத்தம் கொடுத்தால், கிருமி உடலில் இருந்தும் தளத்தில் முளைக்காது போகலாம். ஆகவே, இயன்றவரை மருந்துக்கு முன்பே இரத்தம் கொடுத்தல் நன்று. ஆயினும், அபாய நிலையில் மருத்துவர் உடனே தரும் மருந்தை மறுத்தலாகாது.

மற்றொன்று காசநோய். இன்று விரைவுச் சோதனைகள் வந்துள்ளன. எனினும், கோழிமுட்டை கலந்த தளத்தில் அக்கிருமி மெல்லவே வளரும். இல்லையென்று முடிவு கூற எட்டு வாரம் வரை செல்லும். அதற்குள் குமுளியையோ போடிமெட்டையோ கடந்து சொந்த ஊர் திரும்புவோர் பலர். முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மருத்துவமனையில் விட்டுச் செல்வார்களாயின், வளர்தளம் தரும் செய்தி அவர்களைத் தேடி வந்தடையும்.

விதை முளைக்கும் வரை உழவன் காத்திருக்கிறான். நாமும் பொறுத்திருந்து முடிவை அறிவோமாக.