படகின் இயந்திரம் விசை குன்றினால்

பிழைப்பை நாடிக் கேரளக் கரைக்கும் அந்தமான் தீவுகளுக்கும் சென்று குடியேறிய நம்மவருள் கடல்தொழில் செய்வோரும் உளர். வள்ளத்தின் பின்பலகையில் மாட்டி ஓட்டும் அவுட்போர்டு மோட்டார் அவர்களுக்கு நன்கு பழக்கமானது. அது முற்றிலும் நின்றுவிட்டால் ஆபத்து என்பதை யாவரும் அறிவர். நிற்காமலே வலுவிழந்து ஓடுவதும் அதற்குக் குறைந்த ஆபத்தன்று. திருவனந்தபுரம் மாவட்டத்து முதலப்பொழி முகத்துவாரத்தில் படகுகள் கவிழ்ந்து பலர் மாண்டுள்ளனர். அத்தகைய இடத்தில், அலையை முந்த வேண்டிய நொடியில் இயந்திரம் தளர்ந்தால் திருத்துவதற்குப் பொழுது இராது. ஆகவே தளர்ச்சியின் முதல் அறிகுறியிலேயே காரணத்தைக் காண வேண்டும்.

விசை குன்றியதும் மூடியைத் திறக்க முற்படலாகாது; முதலில் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். இயந்திரம் முன்னிலும் உரத்து விரைந்து சுழல, படகு மட்டும் பின்தங்குமாயின், பழுது பெரும்பாலும் நீருக்குள் சுழலும் புரொபெல்லரைச் சார்ந்தது. அதன் நடுவிலுள்ள ரப்பர் நழுவியிருக்கலாம், இதழ் ஒடிந்திருக்கலாம், அல்லது மோட்டார் மிக உயரத்தில் மாட்டப்பட்டிருப்பதால் புரொபெல்லர் நீரோடு காற்றையும் இழுக்கலாம்.

மாறாக ஓசை தாழ்ந்து சுழற்சியும் குறைந்தால், ஒன்று சுமை மிகுந்துள்ளது. அன்றேல் இயந்திரத்தினுள் வலு குறைந்துள்ளது. சுமையைக் காண்பது எளிது. புரொபெல்லரில் சுற்றிய நைலான் வலை, படகினுள் தேங்கிய நீர், அடிப்புறத்தில் படிந்த சிப்பி ஆகிய ஒவ்வொன்றும் வேகத்தை விழுங்கும். புரொபெல்லரைத் தொடுமுன் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சுமை இல்லையெனில், அடுத்து எண்ணெய் வரும் வழியை ஆராய்க. பழுதுகளில் பல இவ்வழியிலேயே ஒளிந்துள்ளன. தொட்டி மூடியிலுள்ள காற்றுத் திருகு மூடியிருந்தால், எண்ணெய் குறையக் குறையத் தொட்டியினுள் வெற்றிடம் உண்டாகி, சிறிது நேரம் நன்கு ஓடிய மோட்டார் பின்னர் சோர்ந்துவிடும். திருகைத் தளர்த்தினால் உயிர்பெறும். அடுத்து, குழாயின் இடையிலுள்ள ரப்பர்க் குமிழைக் கவனிக்க வேண்டும். அது தானே உள்வாங்கித் தட்டையானால் அடைப்பு குமிழுக்கும் தொட்டிக்கும் இடையே உள்ளது. குமிழைக் கையால் அழுத்தும்போது மட்டும் விசை மீளுமாயின், எண்ணெய்ப் பம்பு தளர்ந்திருக்கலாம். அல்லது குழாய் இணைப்பில் காற்று புகுந்திருக்கலாம்.

நீர் கலந்த எண்ணெயும் விசையைக் கெடுக்கும். சிறிதளவு எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வைத்தால் நீர் அடியில் தங்குவது தெரியும். இந்நாளைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்பினது. நீர் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலினின்று பிரிந்து அடியில் நின்றுவிடும். ஆகவே பல வாரங்கள் கிடந்த பெட்ரோலை நம்பிக் கடலுக்குச் செல்லலாகாது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் மோட்டாரெனில், அது நன்கு சூடேறுமுன் மாற்றுவதும் தளர்ச்சிக்குக் காரணமாகும்.

எண்ணெய் வழி சீராயிருந்தும் மோட்டார் நடுங்கி ஓடினால், சிலிண்டர்களுள் ஒன்று எரியாதிருக்கலாம். கரையில் மோட்டாரை நிறுத்தி, ஆறிய பின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒப்பிடுக. ஒன்று காய்ந்து பழுப்பாகவும், மற்றது கறுத்து ஈரமாகவும் இருப்பின், ஈரமான பிளக்குள்ள சிலிண்டரே ஐயத்துக்குரியது.

இறுதியாக, மோட்டாரின் பக்கத்திலிருந்து பீச்சும் சிறு நீர்த்தாரையைக் காண்க. அது குளிர்விக்கும் நீர் ஓடுவதற்குச் சான்று. தாரை நின்றால் உடனே மோட்டாரை நிறுத்த வேண்டும். நீர் புகும் துளையைப் பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கலாம்; உள்ளேயுள்ள ரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கலாம். சூடு மிகும்போது சில மோட்டார்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனை வெறும் சோர்வென்று எண்ணி மேலும் முடுக்கினால் இயந்திரம் பாழாகும்.

வேற்றுமொழி வழங்கும் ஊரில் மெக்கானிக்கிடம் செல்லும் நம்மவருக்கு ஒரு சொல். ‘மோட்டார் கெட்டுவிட்டது’ என்பதனால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ஓசை உயர்ந்ததா, தாழ்ந்ததா, குமிழ் தட்டையானதா, நீர்த்தாரை ஓடிற்றா என்ற மூன்றையும் அரைகுறை மலையாளத்திலோ இந்தியிலோ, சைகையாலோ கூடத் தெரிவித்துவிடலாம். அவை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அவர் பழுது நீக்கித் தந்த மோட்டாரையும் முதலில் கரையோரம் ஓட்டிப் பார்த்த பின்னரே முகத்துவாரத்தைக் கடக்க வேண்டும். எத்துணை நல்ல மோட்டாராயினும், வள்ளத்தில் இரண்டு துடுப்புகளும் ஒரு நங்கூரமும் இல்லாமல் புறப்படலாகாது.