பாசிக்குத் தீனி போடுவது யார்?

உப்புநீர் மீன் தொட்டியில் பாஸ்பேட் ஏறினால் குருணை போடலாம். ஆனால் அது கடைசி வேலை.

மும்பை கிங்ஸ் சர்க்கிளிலிருந்து மாஹிம் கடல் சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் இங்கே வீட்டில் உப்புநீர் மீன் தொட்டி வைத்திருப்பவருக்கு அந்தக் கடல் உதவாது. மித்தி ஆறு நகரத்தின் சாக்கடையை அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதோடு பாஸ்பேட்டும் போகிறது. ஆகவே ஆர்.ஓ. தண்ணீரில் அதற்கென்று விற்கும் உப்பைக் கரைத்து, தொட்டிக்குத் தனிக் கடல் தயாரிக்க வேண்டியிருக்கிறது.

சில மாதங்களில் அந்தக் கடலிலும் பாறை மேல் பச்சைப் பாசி மயிர்போலப் படரும். இங்கே சாக்கடை ஏது? எல்லாம் தீனி டப்பாவின் உபயம். மீன் தின்றது போக மிஞ்சியதும், தின்று கழித்ததும் அழுகிப் பாஸ்பேட்டைக் கக்குகின்றன. பவளம் செழிக்கும் தெளிந்த கடலில் அது லிட்டருக்கு 0.03 மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. தொட்டியில் 0.1-க்குள் இருந்தால் நல்லது. ஏறினால் பாசிக்குக் கொண்டாட்டம். பவளமோ சுண்ணாம்புக் கூடு கட்ட முடியாமல் திணறும்.

இதற்குக் கடைகளில் கிடைக்கும் மருந்து, துரு நிறத்தில் இருக்கும் இரும்பு ஆக்சைடு குருணை. மேற்கு வங்கத்தில் நிலத்தடி நீரிலிருந்து ஆர்சனிக்கைப் பிரிக்கப் பயன்படுவதும் இதே ரகம்தான். தண்ணீர் ஊடே பாயும்போது பாஸ்பேட் குருணையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. தூசி போக நன்றாக அலசி, வலைப்பையில் கட்டி பில்டரில் வைக்கலாம். அல்லது சிறு பம்ப் இணைத்த குழாயில் போட்டு, குருணை லேசாகப் புரளும் அளவுக்கு நீரை விடலாம். உள்ளே போகும் நீரிலும் வெளியே வரும் நீரிலும் பாஸ்பேட் ஒரே அளவு காட்டினால் குருணையின் ஆயுள் முடிந்தது, மாற்றிவிட வேண்டும்.

அவசரம் ஆகாது. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கும் கொஞ்சம் பாஸ்பேட் தேவை. ஒரேயடியாகப் பூஜ்யமாக்கினால் பவளம் வெளுத்துச் சாகலாம். பாதி அளவில் தொடங்கி, அடிக்கடி சோதித்துப் பார்ப்பதே விவேகம். பாறையும் மணலும் சேமித்து வைத்த பாஸ்பேட்டை மெல்ல வெளியே விடுவதால், இறங்கிய அளவு மறுபடி ஏறுவதும் உண்டு.

செத்தால் இன்னொரு பவளம் வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கலாம். கல் பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்தாலும் குற்றம்.

எனவே குருணைக்குச் செலவழிக்குமுன் கையைக் கட்டுப்படுத்துவது மேல். மீன் சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே தீனி போடுங்கள். உறைந்த தீனியை அலசிப் போடுங்கள். தவறாமல் கொஞ்சம் தண்ணீரை மாற்றுங்கள். பாஸ்பேட் உள்ளே வரும் வழியை அடைக்காதவரை, எத்தனை பை குருணை வாங்கினாலும் லாபம் கடைக்காரருக்குத்தான்.