சொல்லும் உரிமையும் சொல்லாதிருக்கும் உரிமையும்: பள்ளி மாணவர்களின் தன்வரலாற்று எழுத்தும் தமிழாசிரியர் பணியும்

ஆய்வுச் சுருக்கம்

உயர்நிலை, மேல்நிலை வகுப்பு மாணவர்கள் தம் வாழ்வையும் அடையாளத்தையும் பற்றி எழுதுவதற்குத் தமிழ் வகுப்பறை எவ்வாறு துணைநிற்க இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்', பாமாவின் 'கருக்கு' ஆகிய இரு நூல்களின் தொடக்கங்கள் ஒப்பிடப்படுகின்றன. அதன்வழி, பொதுவானதாகத் தோன்றும் ஒரு கட்டுரைத் தலைப்பு வெவ்வேறு மாணவர்மீது வெவ்வேறு சுமையை ஏற்றுவது சுட்டப்படுகிறது. எதைச் சொல்வது, எதைச் சொல்லாதிருப்பது, யார் படிப்பது என்பவற்றை முடிவுசெய்யும் உரிமை மாணவரிடம் இருக்கும்போதுதான் தன்வரலாற்று எழுத்து கல்விப் பயன் தருகிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தன்வரலாறு, அடையாளம், கட்டுரைப் பயிற்சி, வட்டார வழக்கு, வகுப்பறை, மதிப்பீடு.

முன்னுரை

தமிழ்ப் பாடத்தில் கட்டுரைப் பயிற்சி என்பது பெரும்பாலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் கட்டமைப்புக்குள் அமைகிறது. நூலகத்தின் பயன், உழவின் உயர்வு, விடுதலை வீரர் ஒருவரின் தொண்டு போன்ற தலைப்புகளில் மாணவர்கள் எழுதிப் பழகுகின்றனர். கருத்தை ஒழுங்குபடுத்தவும் பத்தி பிரிக்கவும் இப்பயிற்சி உதவுகிறது. எனினும், இவ்வகைக் கட்டுரைகளில் எழுதுபவரின் சொந்த வாழ்வுக்கு இடமில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், தம் வீட்டில் நேற்று நடந்ததைப் பத்து வரிகளில் எழுதத் தயங்கும் நிலை இதனால் உருவாகிறது.

பாடநூலில் தன்வரலாறு இடம்பெறாமல் இல்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ம.பொ.சிவஞானத்தின் தன்வரலாற்றுப் பகுதி 'சிற்றகல் ஒளி' என்னும் தலைப்பில் பாடமாக உள்ளது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக் கல்வி நின்றுபோன ஒருவர், உணவுக்கு வைத்திருந்த காசில் பழைய புத்தகக் கடைகளில் நூல் வாங்கிப் படித்ததை மாணவர்கள் அதில் படிக்கின்றனர். ஆயினும், அப்பாடத்திலிருந்து எழும் வினாக்கள் பெரும்பாலும் ஆசிரியரின் வாழ்வைப் பற்றியனவாகவே நின்றுவிடுகின்றன. அவ்வகை எழுத்தை மாணவர் தாமே எழுதிப் பார்க்கும் வாய்ப்பு ஆசிரியரின் தனி முயற்சியைச் சார்ந்ததாகிறது. அம்முயற்சியில் கவனிக்க வேண்டியவை பின்வரும் பகுதிகளில் விளக்கப்படுகின்றன.

'எங்கள் ஊர்': ஒரு தலைப்பு, இரு சுமைகள்

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, 1950-இல் நூலாக்கம் பெற்றது. இந்நூலின் முதல் இயல் 'எங்கள் ஊர்' என்பதாகும். உத்தமதானபுரம் என்னும் ஊர் தோன்றிய வரலாற்றை அவர் அதில் கூறுகிறார். ஏகாதசி நாளில் மறந்து தாம்பூலம் தரித்த தஞ்சை அரசர் ஒருவர், அதற்குக் கழுவாயாக அமைத்த அக்கிரகாரமே அவ்வூர் என்பது செய்தி. அங்கு ஊரைப் பற்றிச் சொல்வதும் தம் குடும்பத்தின் நிலையைப் பற்றிச் சொல்வதும் இயல்பாக இணைகின்றன.

1992-இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' நூலும் ஊரைப் பற்றிய விவரிப்புடனேயே தொடங்குகிறது. மலைகள் சூழ்ந்த ஊரின் அழகைச் சொன்னபின், தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் அமைப்பை அவர் விவரிக்கிறார். அஞ்சல் நிலையம், பஞ்சாயத்து அலுவலகம், பெரிய கடைகள், பள்ளிகள் ஆகியவை ஆதிக்கச் சாதியினர் வாழும் பகுதியிலேயே அமைந்திருப்பதையும், அதனால் அவர்கள் தலித் மக்களின் தெருப்பக்கம் வரவேண்டிய தேவையே இல்லாதிருப்பதையும் குறிப்பிடுகிறார். ஓர் ஊரின் வரைபடமே அங்குச் சமூக ஏற்றத்தாழ்வின் வரைபடமாகிவிடுகிறது.

இவ்விரு தொடக்கங்களும் ஆசிரியருக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. 'எங்கள் ஊர்' அல்லது 'எங்கள் தெரு' என்று கரும்பலகையில் எழுதப்படும் தலைப்பு எல்லா மாணவருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. தெருப்பெயரே சாதியைச் சொல்லிவிடும் ஊர்களில், அத்தலைப்பில் எழுதியதை வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்வது ஒரு மாணவருக்குப் பெருமையாகவும் அடுத்த இருக்கையில் இருப்பவருக்கு அச்சமாகவும் இருக்கலாம். குலதெய்வ வழிபாடு, ஊர்த் திருவிழா, தந்தையின் தொழில் ஆகிய தலைப்புகளும் இத்தகையனவே.

இவ்வச்சம் கற்பனையானதன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதைத் தொடர்ந்து, ஓய்வுபெற்ற நீதியரசர் கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அக்குழுவின் அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணியாதிருத்தல், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இடம்பெறாதிருத்தல் முதலியவற்றைப் பரிந்துரைத்தது. வருகைப் பதிவேட்டில் இருக்கக் கூடாத விவரத்தைக் கட்டுரை ஏட்டின் வழியாகக் கேட்டுப் பெறுவது முரணாகும். அதேவேளையில், அடையாளத்தைப் பற்றிப் பேசவே இடமளிக்காத வகுப்பறையில், தெருவும் கயிறும் மட்டுமே அடையாளமாக எஞ்சுகின்றன. எனவே, எழுதும் வாய்ப்பை விலக்குவதற்கு மாறாக, எழுதும் முறையைப் பாதுகாப்பானதாக்குவதே தேவையாகிறது.

இரண்டு 'நான்'

தன்வரலாற்றில் இரண்டு 'நான்'கள் உள்ளன. நிகழ்ச்சியை வாழ்ந்த 'நான்' ஒன்று. பின்னாளில் அதை நினைந்து எழுதும் 'நான்' மற்றொன்று. 'கருக்கு' நூலில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று இடம்பெறுகிறது. தம் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், அதன் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைச் சிறுமி காண்கிறாள், சிரிப்பு வருகிறது. அதன் காரணத்தை அண்ணன் விளக்கியபின் சிரிப்பு மறைந்து சினம் எழுகிறது. கண்டபோது இருந்த அறியாமையும் பின்னர் வந்த அறிவும் ஒரே பகுதியில் அடுத்தடுத்து நிற்பதே அவ்விடத்தின் வலிமையாகும்.

இதனை வகுப்பில் பயிற்சியாக்கலாம். மாணவர் ஒரு நிகழ்ச்சியை முதலில் அன்று கண்டவாறே எழுதுவர். அடுத்த பத்தியில் "அப்போது எனக்குத் தெரியாதது" என்று தொடங்கி இன்றைய அறிவை எழுதுவர். பதினைந்து வயது மாணவருக்கும் ஐந்து வயது நினைவு உண்டு. இடைப்பட்ட பத்தாண்டுகள் இரண்டாம் 'நான்' உருவாவதற்குப் போதுமானவை. அடையாளம் என்பது பிறப்பால் கிடைத்த பட்டியல் என்னும் எண்ணம் மாறி, புரிதலால் வளர்வது என்னும் தெளிவு இப்பயிற்சியால் ஏற்படுகிறது.

பொருளிலிருந்து தொடங்குதல்

"நான் யார்?" என்னும் வினா மாணவரைப் பொதுமொழிக்குத் தள்ளுகிறது. நல்லவன், அமைதியானவள், நண்பர்களை நேசிப்பவர் என்னும் சொற்களோடு எழுத்து நின்றுவிடுகிறது. மாறாக, கையால் தொடத்தக்க ஒரு பொருளிலிருந்து தொடங்கச் செய்வது பயனளிக்கும். பழுதான பின்னும் வீட்டில் தூக்கி எறியப்படாத பொருள், ஒருமுறை தொலைத்துத் திரும்பக் கிடைத்த பொருள், பள்ளிக்கு வரும் வழியில் நாள்தோறும் காணும் ஒன்று என மூன்று தலைப்புகளைத் தரலாம். அவற்றுள் ஒன்றேனும் குடும்பத்தைத் தொடாததாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் தேர்வுரிமை உண்மையானதாகும்.

ஆசிரியரின் வினாக்களும் இத்தன்மையுடையனவாக அமைய வேண்டும். எடுத்துக்காட்டாக, "என் அப்பா மிகவும் கஷ்டப்பட்டு எங்களை வளர்க்கிறார்" என்று ஒரு மாணவர் எழுதுவதாகக் கொள்வோம். "அப்பா வேலையிலிருந்து வந்ததும் முதலில் என்ன செய்வார்?" என்று ஆசிரியர் கேட்கலாம். "சட்டையைக் கழற்றிக் கொடியில் தனியாகப் போடுவார், சிமெண்டு ஒட்டியிருப்பதால் மற்றத் துணிகளோடு அம்மா சேர்க்கமாட்டார்" என்று விடை வருமாயின், கட்டுரை அங்கே தொடங்குகிறது. கஷ்டம் என்னும் சொல் இல்லாமலேயே அதன் பொருள் படிப்பவரை அடைகிறது.

பார்பியானா பள்ளியின் முறை

தனியே எழுதத் தயங்கும் மாணவருக்குக் கூட்டெழுத்து ஒரு வழியாகும். இத்தாலியில் புளோரன்சு நகருக்கு அருகிலுள்ள பார்பியானா என்னும் மலைச் சிற்றூரில், லோரென்சோ மிலானி என்னும் பாதிரியார் உழவர் குடும்பப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். தேர்வில் தோல்வியுறச் செய்து ஏழை மாணவரை வெளியேற்றும் கல்விமுறையைக் குறித்து அப்பள்ளி மாணவர் எண்மர் எழுதிய நூல், ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதமாக 1967-இல் வெளிவந்தது.

அவர்கள் பின்பற்றிய முறையும் அந்நூலிலேயே விளக்கப்பட்டுள்ளது. மாணவர் தமக்குத் தோன்றியவற்றைத் தனித்தனித் தாள்களில் ஒரு பக்கம் மட்டும் எழுதுவர். தாள்கள் அனைத்தும் மேசையில் பரப்பப்படும். ஒரே செய்தி இருமுறை வந்தால் ஒன்று நீக்கப்படும். தொடர்புடைய தாள்கள் தனித்தனிக் குவியல்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு குவியலும் ஓர் இயலாகும். பின்னர், அதிகம் படிக்காத ஒருவரிடம் தந்து, அவருக்குப் புரிகிறதா என்று பார்த்துத் திருத்துவர்.

தமிழ் வகுப்பில் இம்முறைக்குத் தனிப்பயன் உண்டு. தாளில் பெயர் எழுத வேண்டியதில்லை. ஆகவே, ஓர் அனுபவம் யாருடையது என்பது வெளிப்படாமலேயே வகுப்பின் பொது எழுத்துக்குள் வந்துவிடுகிறது. கையெழுத்தால் அடையாளம் தெரியக்கூடுமாயின், ஆசிரியரே தாள்களைப் படியெடுத்துப் பரப்பலாம். தனக்கு மட்டுமே நேர்ந்தது என்று எண்ணியிருந்த ஒன்று பிறர் தாளிலும் இருப்பதை மாணவர் அறியும் வாய்ப்பும் ஏற்படுகிறது.

மொழித் திருத்தமும் வாழ்வுத் திருத்தமும்

பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றும் பயிற்சி தமிழ்க் கல்வியின் பகுதியாகும். ஆனால், பாட்டி பேசிய சொல்லை அவ்வாறே எழுதிய மாணவரின் ஏட்டில் சிவப்பு மையால் அதை மாற்றும்போது, பாட்டியின் குரலும் நீக்கப்படுகிறது. 'கருக்கு' பேச்சு வழக்கிலேயே எழுதப்பட்டது. அதன் மொழியே அதன் அடையாளத்தை உணர்த்துகிறது. ஆகவே, உரையாடலில் வட்டார வழக்கு அவ்வாறே நிற்கலாம் என்றும், எடுத்துரைப்பில் எவ்வழக்கைக் கொள்வது என்பதை மாணவர் காரணத்துடன் தெரிவுசெய்யலாம் என்றும் வகுப்பில் முன்கூட்டியே கூறுதல் வேண்டும். ஒற்றுப்பிழை, ரகர றகர மயக்கம் போன்றவற்றை இறுதிப் படியில் மட்டும் திருத்தினால் போதும்.

"பெற்றோரைப் பற்றி இப்படி எழுதலாமா?", "நல்ல கருத்துடன் முடிக்கவும்" என்னும் வகைக் குறிப்புகள் மொழியைத் திருத்துவன அல்ல; வாழ்வைத் திருத்த முயல்வன. அவற்றைப் பெறும் மாணவர் அடுத்த முறை ஆசிரியர் விரும்பும் வாழ்வையே எழுதித் தருவார். மதிப்பெண் வழங்க நேரின், அது விவரிப்பின் தெளிவு, வரிசைமுறை, திருத்தி எழுதிய உழைப்பு ஆகியவற்றுக்கே உரியது. துயரத்தின் அளவுக்கு மதிப்பெண் தரப்படுகிறது என்னும் எண்ணம் மாணவரிடையே தோன்றிவிடக் கூடாது.

மடித்த பக்கமும் அதன் எல்லையும்

ஏட்டில் ஒரு பக்கத்தை மாணவர் மடித்து வைத்தால் ஆசிரியர் அதைப் படிப்பதில்லை என்னும் ஒப்பந்தம், சொல்லாதிருக்கும் உரிமையை நடைமுறையாக்கும் எளிய வழியாகும். வகுப்பில் உரக்கப் படிப்பதும் மாணவரின் விருப்பத்திற்கு உரியது. சுவரிதழிலோ பள்ளி ஆண்டு மலரிலோ வெளியிட நேர்ந்தால், அதற்கெனத் தனியே இசைவு பெறுதல் வேண்டும்.

இருப்பினும், ஆசிரியர் முழு மறைகாப்பை வாக்களிக்க இயலாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு விதிக்கும் கடமையாகும். ஆகவே, எழுதத் தொடங்கும் முன்பே இவ்வெல்லையை ஆசிரியர் எளிய சொற்களில் கூறிவிட வேண்டும்: "நான் படிக்கும் பக்கத்தில் உங்களுக்கு யாரேனும் தீங்கு செய்வதாகத் தெரிந்தால், உங்களைக் காக்கும் பொறுப்புடையவர்களிடம் சொல்வேன், சொல்வதற்கு முன் உங்களிடம் பேசுவேன்." குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகியவற்றை ஏட்டின் முதல் பக்கத்தில் எல்லா மாணவரையும் எழுதச் செய்யலாம். அனைவரும் எழுதுவதால் தேவைப்படுபவர் யார் என்பது வெளிப்படாது.

நிறைவுரை

தன்வரலாற்று எழுத்து, மாணவரின் மொழித்திறனையும் தன்னறிவையும் ஒருங்கே வளர்க்க வல்லது. பொருளிலிருந்து தொடங்குதல், இரண்டு 'நான்'களைப் பிரித்துணர்தல், பெயரற்ற தாள்களால் கூடி எழுதுதல், வழக்குச்சொல்லைக் காத்தல், வாழ்வுக்கு மதிப்பெண் இடாதிருத்தல் ஆகியவை அதற்குரிய வழிகளாக இங்கு விளக்கப்பட்டன. இவை அனைத்திற்கும் அடிப்படையாக அமைவது மாணவரின் தேர்வுரிமையாகும். உ.வே.சாமிநாதையரும் பாமாவும் தம் வாழ்வை எழுதியபோது, எதை எழுதுவது, எங்கே நிறுத்துவது என்பதைத் தாமே முடிவுசெய்தனர். பாடவேளைக்குள் எழுதப் பணிக்கப்படும் மாணவருக்கு அவ்வுரிமை தானாகக் கிடைப்பதில்லை; ஆசிரியரே அதை ஏற்படுத்தித் தர வேண்டியுள்ளது. மடித்த பக்கம் மடித்தபடியே இருக்கும் என்னும் நம்பிக்கை பெற்ற மாணவரே, ஒருநாள் அதைத் தாமாகப் பிரித்துக் காட்டக்கூடும்.